பூட்டுப் போடுவோம், சாவி யார் கையில்?

 

"நம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இண்டர்நெட் கொடுக்கலாமா, கூடாதா?" நமது சமுதாயப் பள்ளிகளின் நிர்வாகக் கமிட்டிகளில் இன்று சூடாக விவாதிக்கப்படும் கேள்வி இது. "பிள்ளைகள் கெட்டுக் குட்டிச்சுவராகி விடும், கனெக்ஷனையே துண்டித்து விடுங்கள்" என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். "காலம் எங்கோ போய்விட்டது, அப்படியே திறந்து விடுங்கள்" என்று மறு சாரார் சொல்கிறார்கள்.

இரண்டு சாராரையும் பார்த்து நாம் கேட்கிறோம். உங்கள் வீட்டுக்குக் கதவே வைக்காமல் சுவர் எழுப்புவீர்களா? அல்லது கதவே வேண்டாம் என்று வாசலைத் திறந்து போட்டுவிட்டு உறங்குவீர்களா? கதவும் வேண்டும், கதவுக்குப் பூட்டும் வேண்டும். ஆனால் அந்தப் பூட்டுக்குச் சாவி உண்டா, அது யார் கையில் இருக்கிறது என்று யாராவது கேட்டோமா? இந்தக் கட்டுரை அந்தச் சாவியைப் பற்றியது.

பூட்டு ஏன் வேண்டும்?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுவோம். தணிக்கை என்றாலே கூடாது என்று சொல்பவர்கள் அல்ல நாம். நூர் அத்தியாயத்தின் 30-வது வசனத்தில் நம்பிக்கை கொண்ட ஆண்களைப் பார்த்துப் பார்வையைத் தாழ்த்திக் கொள்ளும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான். அடுத்த வசனத்தில் அதே கட்டளை பெண்களுக்கும் வருகிறது. கண்ணுக்குக் காவல் வேண்டும் என்பதை இன்றைய கம்ப்யூட்டர் கம்பெனிகள் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பத்து வயதுப் பிள்ளை தேடும் சாதாரணச் சொல் ஒன்று, இரண்டே தட்டலில் அவனை ஆபாசச் சாக்கடைக்குள் தள்ளி விடும். இன்னொரு பக்கம் சூதாட்டம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் கொண்டு வந்தது. ஆனால் அந்நிய நாட்டில் அமர்ந்து கொண்டு, பெயரை மாற்றி மாற்றிக் கடை விரிப்பவன் சட்டத்தைப் பார்த்து வியாபாரத்தை மூடி விடுவானா? மூன்றாவது, ஆதார் நம்பரைக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் கடன் என்று வலை வீசும் வட்டிக் கடன் ஆப்கள். ஹராமான மூன்றும் ஒரே கண்ணாடித் திரையில் வரிசை கட்டி நிற்கின்றன.

இளைஞர்களே, இதில் சட்டத்தின் கையும் நீளம் என்பதை மறந்து விடாதீர்கள். சிறார்களை வைத்து எடுக்கப்பட்ட ஆபாசப் படத்தைத் தனிமையில் செல்போனில் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23-ல் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. அப்படிப்பட்ட படத்தை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதே போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது என்று தீர்ப்பளித்தது. "குரூப்பில் யாரோ அனுப்பினான்" என்ற சமாதானம் இனிச் செல்லாது.

ஆகவே பூட்டு அவசியம். இதில் நமக்குள் இரண்டு கருத்து இருக்கக் கூடாது.

பூட்டின் குணம்

ஆனால் பூட்டு வாங்குபவன் அதன் குணத்தைத் தெரிந்து கொள்ள வேண்டாமா? ஒரு மூட்டைச் சரக்கு வாங்கினாலும் கையை விட்டுப் பார்த்துத்தானே வாங்குகிறீர்கள்?

ஃபில்டர் என்று சொல்லப்படும் இந்த வடிகட்டிகள் பொதுவாக மூன்று விதம். முதல் விதம், தடைப் பட்டியல். இன்னின்ன வெப்சைட்டுகள் கூடாது என்று பெயர் எழுதி வைத்து, அவற்றை மட்டும் தடுப்பது. இரண்டாவது, சொல் தடை. குறிப்பிட்ட சொல் கண்ணில் பட்டால் அந்தப் பக்கத்தையே மறைத்து விடுவது. மூன்றாவது, அனுமதிப் பட்டியல். எழுதி வைத்த சில தளங்கள் மட்டும் திறக்கும், உலகத்தில் மற்ற அனைத்துக்கும் பூட்டு.

இதில் சொல் தடைக்கு அறிவே கிடையாது. இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் என்று ஓர் ஊர். அந்த ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே ஒரு கெட்ட வார்த்தையின் எழுத்துகள் அமைந்து விட்டன. 1996-ல் அந்த ஊர் மக்கள் தங்கள் ஊர்ப் பெயரைக் கொடுத்து ஏ.ஓ.எல். இண்டர்நெட் கணக்குத் தொடங்க முடியாமல் திண்டாடினார்கள். மார்பகப் புற்றுநோய் பற்றித் தேடும் தாயையும் ஆபாசம் தேடும் விடலையையும் அந்த வடிகட்டி ஒரே தராசில்தான் நிறுக்கும்.

சரி, பூட்டை இன்னும் இறுக்கினால் என்ன? 2002-ல் அமெரிக்காவில் கெய்சர் அறக்கட்டளை இதை ஆய்வு செய்து பார்த்தது. வடிகட்டியைத் தளர்வாக வைத்தபோது ஆபாசத் தளங்களில் 87 சதவீதம் தடுக்கப்பட்டன. நல்ல மருத்துவத் தகவல் தளங்களில் 1.4 சதவீதம் மட்டுமே தவறாகச் சிக்கின. வடிகட்டியை முழுக்க இறுக்கியபோது ஆபாசத் தடுப்பு 91 சதவீதம்தான் ஆனது. ஆனால் தவறாகச் சிக்கிய மருத்துவத் தளங்கள் 24 சதவீதமாக எகிறின.

வியாபாரப் பெருமக்களே, உங்களுக்குக் கணக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நாலு காசு லாபத்துக்காகக் கடையில் கால் பங்குச் சரக்கைக் குப்பையில் கொட்டுவீர்களா? ஆய்வு பழையது, வடிகட்டிகள் இன்று எவ்வளவோ மாறிவிட்டன என்பது உண்மை. ஆனால் இறுக்க இறுக்க நல்லதும் சேர்ந்து சாகும் என்ற விதி மாறவில்லை.

சாவி அடுத்தவன் கையில் இருந்தால்...

அனுமதிப் பட்டியல் என்பது எவ்வளவு கொடுமையானது என்பதை நம் நாட்டிலேயே ஒரு முஸ்லிம் மக்கள் கூட்டம் அனுபவித்தது. 2019 ஆகஸ்ட் 4 இரவு காஷ்மீரில் இண்டர்நெட் துண்டிக்கப்பட்டது. மறுநாள் 370-வது பிரிவின் சிறப்பு அந்தஸ்து பறிக்கப்பட்டது. 2020 ஜனவரி 25-ல் செல்போன்களுக்கு 2ஜி வேகத்தில் மீண்டும் கொடுத்தபோது, அரசு 301 வெப்சைட்டுகளின் பட்டியலை நீட்டியது. கோடிக்கணக்கான தளங்கள் உள்ள உலகத்தில் 301! சமூக ஊடகங்கள் எதற்கும் அனுமதி இல்லை. பட்டியலில் இருந்த தளங்களும் பலவேளை சரியாகத் திறக்கவில்லை. காரணம், ஒரு வெப்சைட்டின் படமும் எழுத்தும் வேறு வேறு கம்ப்யூட்டர்களில் இருந்து வந்து சேர்பவை. வாசலைத் திறந்து, வாசலுக்கு வரும் தெருவை அடைத்த கதை.

மார்ச் மாதத் தொடக்கத்தில் பட்டியல் நீக்கப்பட்டது. 2ஜி வேகம் நீடித்தது. சில நாட்களில் கொரோனா வந்து, நாடு முழுவதும் பள்ளிக்கூடங்கள் செல்போனுக்குள் நுழைந்தன. மற்ற மாநிலப் பிள்ளைகள் வீடியோவில் பாடம் கேட்க, காஷ்மீரப் பிள்ளை அசையாத படத்தைப் பார்த்துக் கொண்டிருந்தது. இரண்டு மாவட்டங்கள் நீங்கலாக மற்ற இடங்களில் 4ஜி வர 2021 பிப்ரவரி 5 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒன்றரை ஆண்டு! ஒரு மாணவனின் வாழ்வில் ஒன்றரை ஆண்டு என்பது என்ன? பத்தாம் வகுப்பில் இருந்தவன் பன்னிரண்டை நெருங்கி விடுவான்.

2020 ஜனவரி 10-ல் அனுராதா பாசின் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னதை வியாபாரிகள் மனதில் பதிக்க வேண்டும். இண்டர்நெட் வழியாகக் கருத்துச் சொல்வதற்கும், இண்டர்நெட் வழியாக வியாபாரம் செய்வதற்கும் அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. காலவரையின்றித் துண்டிக்கக் கூடாது. தடை உத்தரவை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். இந்தக் கடைசி வாசகத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி வெப்சைட்டுகளைத் தடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. 2009-ம் ஆண்டு விதிகள் அந்த நடவடிக்கைகளை ரகசியமாக வைக்கச் சொல்கின்றன. 2023 ஜனவரியில் குஜராத் கலவரம் பற்றிய பி.பி.சி. ஆவணப்படத்தின் இணைப்புகளை யூடியூபிலும் ட்விட்டரிலும் மத்திய அரசு அவசர அதிகாரத்தைப் பயன்படுத்தித் தடுத்தது. டெல்லி ஜாமியா மில்லியாவில் அதைத் திரையிட முயன்ற மாணவர்களைப் போலீஸ் பிடித்துக் கொண்டு போனது. அந்தப் படம் ஆபாசமா? சூதாட்டமா? இல்லை. சாவி வைத்திருப்பவனுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கிலாந்தைப் பாருங்கள். 2015 ஜூலை 1 முதல் 'பிரிவென்ட்' என்ற கடமை பள்ளிக்கூடங்கள் மீது சுமத்தப்பட்டது. பிள்ளைகள் தீவிரவாதத்தின் பக்கம் போகாமல் பார்த்துக் கொள்வது ஆசிரியரின் சட்டக் கடமை ஆனது. உடனே, தீவிரவாதச் சொற்கள் என்று ஒரு பட்டியலைப் போட்டு, மாணவன் அந்தச் சொல்லைத் தட்டியவுடன் ஆசிரியருக்கு மணி அடிக்கும் சாஃப்ட்வேர்கள் விற்பனைக்கு வந்தன. ஆபாசத்தைத் தடுக்க வந்த பூட்டு, பிள்ளையின் மனதை வேவு பார்க்கும் ஒற்றனாக மாறிப் போனது. 'ஜிஹாத்' என்றால் என்ன என்று தன் மார்க்கத்தைப் பற்றித் தேடும் பிள்ளைக்கு என்ன கதி? ஃபலஸ்தீன் பற்றிக் கட்டுரை எழுத நினைக்கும் மாணவிக்கு என்ன கதி? நாளை நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கம்பெனி வடிகட்டியை விற்க வரும்போது அதனுள்ளே என்ன பட்டியல் இருக்கிறது என்று கேட்க நமக்குத் தெரிய வேண்டாமா?

நம் கையில் சாவி இருந்தால்?

அடுத்தவனைக் குறை சொன்னது போதும். இனி நம் முதுகையும் பார்ப்போம். நம் கையில் சாவி கிடைத்தால் நாம் நீதியாக நடந்து கொள்கிறோமா?

பள்ளி லேபில் இண்டர்நெட்டைத் துண்டித்தால் யாருக்கு நஷ்டம்? பையனுக்கு நஷ்டமில்லை. அவன் பாக்கெட்டில் செல்போன் இருக்கிறது. இல்லாவிட்டால் நண்பனிடம் இருக்கிறது. பள்ளியின் வடிகட்டி பள்ளியின் கேட் வரைதான். கேட்டைத் தாண்டியதும் செல்போன் கம்பெனியின் டேட்டா அவனைத் தாராளமாக வரவேற்கிறது. ஆனால் நம் வீட்டுப் பெண்பிள்ளைக்கு? பல வீடுகளில் அவளுக்குச் செல்போன் கிடையாது. அவளுக்கு உலகத்தைக் காட்டும் ஒரே ஜன்னல் பள்ளிக்கூட லேப். அதையும் அடைத்து விட்டு, "ஒழுக்கத்தைக் காப்பாற்றி விட்டோம்" என்று கமிட்டியில் மினிட்ஸ் எழுதுகிறோம். கெட்டுப் போகக் கூடியவனுக்குத் தடையே இல்லை. படிக்கத் துடிப்பவளுக்கு முழுத் தடை. பார்வையைத் தாழ்த்தும் கட்டளை முதலில் ஆண்களுக்குத்தான் வந்தது என்பதை வசதியாக மறந்து விட்டோம்.

2019-ல் கேரளத்தில் என்ன நடந்தது? கோழிக்கோடு பக்கத்தில் ஒரு கல்லூரி விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை மாணவிகள் செல்போனை ஒப்படைத்துவிட வேண்டும் என்று விதி. நம் சமுதாயத்தைச் சேர்ந்த மாணவி ஒருவர், "படிக்கிற நேரத்தில்தான் எனக்கு அது தேவை" என்று சொல்லி மறுத்தார். விடுதியை விட்டு வெளியேற்றப்பட்டார். அவர் கேரள உயர்நீதிமன்றத்தின் படியேறினார். இண்டர்நெட்டைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவின் தனிமனித அந்தரங்க உரிமையின் ஒரு பகுதி என்று 2019 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. அவரை மீண்டும் விடுதியில் சேர்க்க உத்தரவு பிறந்தது. ஒரு மாணவியின் தைரியம் மற்ற மாணவிகளுக்கு முன்னுதாரணமாக நிற்கிறது.

ஆசிரியர்களின் நிலையும் இதே போலத்தான். எட்டு வயதுப் பிள்ளைக்குப் போட்ட அதே பூட்டை, முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியைக்கும் போடுகிறோம். பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் மனித இனப்பெருக்கம் பாடம் இருக்கிறது. படம் தேடினால் "தடை செய்யப்பட்டது" என்று திரை சொல்கிறது. வரலாற்று ஆசிரியர் 1947 பிரிவினையையோ 1992 பாபரி மஸ்ஜித் இடிப்பையோ தேடினால் 'வன்முறை' என்று வடிகட்டி மறைக்கிறது. வகுப்பு முன்னால் ஆசிரியர் அவமானப்பட்டு நிற்கிறார். அடுத்த முறை அவர் கம்ப்யூட்டர் பக்கமே வர மாட்டார். பழையபடி நோட்ஸை எழுதிப் போடுவார்.

அமெரிக்கா 2000 டிசம்பரில் சிறார் இண்டர்நெட் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தது. அரசின் இண்டர்நெட் சலுகை பெறும் பள்ளிகளும் நூலகங்களும் வடிகட்டி வைத்தே ஆக வேண்டும் என்றது. ஆனால் நியாயமான ஆராய்ச்சிக்காகப் பெரியவர்கள் கேட்டால் பொறுப்பாளர் பூட்டைத் திறந்து விடலாம் என்று அந்தச் சட்டத்திலேயே வழி வைத்தார்கள். நூலகங்கள் தொடுத்த வழக்கில் 2003-ல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. பெரியவர்கள் கேட்டால் திறந்து விடலாம் என்பது அந்தத் தீர்ப்புக்கு முக்கியமான தூண். சாவி இருப்பதால்தான் பூட்டு செல்லும்! 2008-ல் இன்னொரு திருத்தம் வந்தது. பூட்டினால் மட்டும் போதாது, இண்டர்நெட்டில் எப்படி நடந்து கொள்வது என்று பிள்ளைகளுக்குப் பாடமும் நடத்த வேண்டும் என்றது. முஸ்லிம்களுக்கு எதிரான அமெரிக்காவின் அநியாயங்களை நாம் ஓயாமல் கண்டிப்பவர்கள்தான். ஆனால் நல்ல ஏற்பாடு எங்கிருந்தாலும் எடுத்துக் கொள்வது மூஃமினின் பண்பு.

என்ன செய்ய வேண்டும்?

நமது சமுதாயப் பள்ளிகளின் தாளாளர்களுக்கும் கமிட்டி உறுப்பினர்களுக்கும் ஆறு கோரிக்கைகளை வைக்கிறோம்.

1. எதைத் தடுக்கிறோம் என்று எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். ஆபாசம், சூதாட்டம், வட்டிக் கடன், போதை, வைரஸ் ஆகிய ஐந்தும் போதும். மார்க்கம், அரசியல், வரலாறு, நோய் ஆகியவற்றைச் சொல்லை வைத்துத் தடுக்காதீர்கள். உத்தரவை வெளியிடு என்று அரசைப் பார்த்து உச்சநீதிமன்றம் சொன்னதை நாம் நம் பள்ளியிலேயே செய்து காட்டுவோம்.

2. வயதுக்குத் தக்கபடி பூட்டுங்கள். ஐந்தாம் வகுப்பு வரை அனுமதிப் பட்டியல் இருக்கட்டும். ஆறு முதல் எட்டு வரை தடைப் பட்டியலோடு பாதுகாப்பான தேடல் இருக்கட்டும். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மேலே சொன்ன ஐந்து மட்டும் தடுக்கப்படட்டும்.

3. ஆசிரியர்களுக்குத் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு கொடுங்கள். நம் பிள்ளையை நம்பி ஒப்படைக்கும் ஆசிரியரிடம் ஒரு வெப்சைட்டை நம்பி ஒப்படைக்க மாட்டோமா?

4. சாவிக்கு இருவரைப் பொறுப்பாக்குங்கள். ஒருவர் கட்டாயம் ஆசிரியையாக இருக்கட்டும். தவறாகத் தடுக்கப்பட்ட தளத்தை மாணவியோ மாணவனோ எழுதிக் கொடுத்தால், மறுநாளைக்குள் பார்த்துத் திறக்க வேண்டும் அல்லது மறுப்புக்குக் காரணம் சொல்ல வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டில் பதிவு செய்யுங்கள். கமிட்டி மாதம் ஒரு முறை அதைப் பார்க்கட்டும்.

5. காவல் வேறு, வேவு வேறு. இன்று பெரும்பாலான வெப்சைட்டுகள் பூட்டிய கவரில் வரும் கடிதம் போல வருகின்றன. சாதாரண வடிகட்டிக்குக் கவர் மேலுள்ள தளத்தின் பெயர் மட்டுமே தெரியும். கவரைப் பிரித்து உள்ளே படிக்கும் சாஃப்ட்வேர்களும் விற்கிறார்கள். அதை மாட்டினால் ஆசிரியையின் பேங்க் பாஸ்வேர்டு கூட அதன் கண்ணில் படும். வேண்டாம் அந்த வம்பு. ஒரு சொல்லைத் தேடிய பாவத்துக்குப் பிள்ளையைக் குற்றவாளியாக்காதீர்கள். முதலில் அவனோடு பேசுங்கள், பிறகு பெற்றோரோடு பேசுங்கள்.

6. வாரம் ஒரு பீரியட் ஒதுக்கி, இண்டர்நெட்டில் எது உண்மை, எது பொய், எது வலை என்று கற்றுக் கொடுங்கள். பள்ளி கேட்டுக்கு வெளியே பிள்ளையோடு கூட வரப்போகும் வடிகட்டி அது ஒன்றுதான். நம் மார்க்கத்தில் அதற்குத் தக்வா என்று பெயர்.

இதற்கெல்லாம் லட்சக்கணக்கில் செலவாகும் என்று மலைக்காதீர்கள். வெப்சைட்டின் பெயரைச் சொன்னால் அதன் நம்பரை எடுத்துக் கொடுக்கும் டி.என்.எஸ். என்ற டைரக்டரி ஒவ்வொரு இண்டர்நெட் கனெக்ஷனுக்கும் உண்டு. அந்த இடத்தில் 1.1.1.3 என்று மாற்றி விட்டால், கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 முதல் இலவசமாகத் தரும் குடும்ப வடிகட்டி ஆபாசத் தளங்களையும் வைரஸ் தளங்களையும் தடுத்து விடும். ரவுட்டரில் ஐந்து நிமிட வேலை. ஆனால் அது சூதாட்டத்தைத் தடுக்காது. அதற்குத் தனிப் பட்டியல் சேர்க்க வேண்டும். கூகுளின் பாதுகாப்பான தேடலையும் யூடியூபின் கட்டுப்பாட்டு முறையையும் பள்ளி முழுவதற்கும் சேர்த்தே அமைத்து விடலாம். செலவு குறைவுதான். உட்கார்ந்து செய்ய ஆள்தான் வேண்டும்.

இளைஞனே! வியாபாரியே!

அந்த ஆள் நீதான், இளைஞனே! கம்ப்யூட்டர் படித்து விட்டு சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் கம்பெனிகளின் வடிகட்டிகளைப் பராமரிக்கிறாய். ஊருக்கு லீவில் வரும்போது உன் மஹல்லாப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் கொடுக்க மாட்டாயா? ரவுட்டரைத் திறந்து சரி செய்து, இரண்டு ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுத்து விட்டுப் போ. அது சதகத்துல் ஜாரியா. நீ விமானம் ஏறிய பிறகும் உனக்கு நன்மை வந்து கொண்டே இருக்கும்.

வியாபாரப் பெருமக்களே! வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-ல் எழுந்தது. திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி 1951-ல் எழுந்தது. ஜமால் முஹம்மது சாஹிபும் காஜாமியான் ராவுத்தரும் யார்? உங்களைப் போன்ற வியாபாரிகள்தான். ஆங்கிலக் கல்வி பிள்ளைகளைக் கெடுத்து விடும் என்று சமுதாயத்தில் பலர் அஞ்சிய காலத்தைத் தாண்டி எழுந்த நிறுவனங்கள் இவை. கல்வியை மார்க்கத்தின் கூரைக்கு அடியில் கொண்டு வந்து நிறுத்தினார்கள் அந்தப் பெரியவர்கள். அவர்கள் கட்டிய கட்டிடத்தில் பிள்ளைகள் நமக்கு நன்றி சொல்லப் போகிறார்களா, நாம் அடைத்த ஜன்னலைப் பார்த்துப் பெருமூச்சு விடப் போகிறார்களா?

இறைவனின் முதல் வஹீ "ஓது" என்ற கட்டளையோடுதான் இறங்கியது. ஓதும் கண்ணுக்குக் காவல் வேண்டும். கண்ணையே கட்டி விடுவது காவல் ஆகாது. வரும் கமிட்டிக் கூட்டத்தில் உங்கள் பள்ளியின் பூட்டு என்ன, சாவி யாரிடம் என்று எழுந்து கேளுங்கள். பதில் இல்லையென்றால் இந்தப் பக்கத்தைக் கிழித்துத் தலைவர் மேசையில் வையுங்கள்.

நம் பொறுப்பில் விடப்பட்ட ஒவ்வொன்றைப் பற்றியும் நாம் விசாரிக்கப்படுவோம். பிள்ளைகளின் கண்ணைப் பற்றியும் கேட்கப்படுவோம்; அவர்களின் அறிவைப் பற்றியும் கேட்கப்படுவோம். இரண்டுக்கும் பதில் சொல்ல அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக! வஸ்ஸலாம்.